எண்ணெய்க் கை

ஜாடி உடைந்த சத்தம் கேட்டு ஏகநாதன் சமையலறைக்கு ஓடினார். தரையெல்லாம் எலுமிச்சை ஊறுகாய்.

“நான்தாங்க. கை நழுவிடுச்சு” என்றாள், சக்கர நாற்காலியில் இருந்த மனைவி சாமுண்டீஸ்வரி.

“எதையும் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? போன வருஷம் சிட்லபாக்கம் ஏரியைச் சுத்தி நடந்தவ நீ. இப்ப ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியலே.” அவள் புடவையில் தெறித்திருந்த எண்ணெயைத் துண்டால் துடைத்தார். “உங்கப்பா உனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்து இந்த வியாதிதான்!”

துடைப்பம் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார்.

நாவலூர் ஆபீசுக்குக் கிளம்பி நின்ற மகள் கோகிலவாணி, குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

“ஜாடியைப் போட்டது நான். நீ ஏம்மா பொய் சொல்லித் திட்டு வாங்கறே?”

“இன்னொரு தடவை அவரால தாங்க முடியாதுடி.”

“என்னத்தைத் தாங்கணும்? ஊறுகாய் எண்ணெய் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்.”

சில்லு ஏந்திய மகளின் கை, லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. சாமுண்டீஸ்வரி அதையே பார்த்தாள்.

“எனக்கும் முதல்ல அப்படித்தான் வழுக்குச்சு, கண்ணு.”