ஆறு மணிக்குள் அக்கரை

பக்கத்து நாட்டு வியாபாரியிடம் நகுலேசன் வாங்கிய கார், எல்லைப் பாலத்தில் ஏறும்போதே நின்றுவிட்டது. உத்தரவாதம் அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. "எங்கள் எல்லைக்குள் வந்தால்தான் பழுது பார்ப்போம்" என்று வியாபாரி போனில் சொல்லிவிட்டான். அவன் அனுப்பிய இழுவை வண்டி பாலத்தின் அந்தப் பக்கம் காத்திருந்தது. ஆறுக்கு இன்னும் பத்து நிமிடம்.

மனைவி தர்மினி ஸ்டியரிங்கைப் பிடிக்க, நகுலேசன் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினான். மேடு முடிந்ததும் கார் அவன் கையை விட்டு உருண்டது.

"பிரேக்கை மிதியும்!"

"மிதிக்கிறனப்பா, கல்லு மாதிரிக் கிடக்கு!"

இறக்கத்தின் அடியில் இழுவை வண்டிக்காரன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். தர்மினி உடம்பின் பலமெல்லாம் சேர்த்து ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் அவனை மயிரிழையில் விலகி, பாலத்துச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. வலப்பக்கக் கதவுகள் இரண்டும் நசுங்கிவிட்டன.

நகுலேசன் ஓடிவந்தான். "உமக்கு ஒண்டுமில்லையே?"

"அந்தாளில முட்டேல்லைத்தானே?" என்றாள் அவள்.

இழுவை வண்டிக்காரனின் போன் அடித்தது. அவன் முதலாளி, அந்த வியாபாரிதான்.

"கார் ஆறு மணிக்குள் வந்துவிட்டது" என்றான்.

"எங்காவது அடிபட்டிருக்கிறதா? இருந்தால் ஏற்றாதே."

அவன் நசுங்கிய கதவுகளைப் பார்த்தான். ஸ்டியரிங்கை இன்னும் விடாமல் பிடித்திருந்த தர்மினியைப் பார்த்தான்.

"ஏற்றும்போது நான்தான் இடித்துவிட்டேன்" என்றான்.