மாதா பார்த்த திசை

"என்னா தம்பி இது, மாதா குசினிப் பக்கம் பாக்குறா?"

பிரிஜெட் அப்படிக் கேட்டதும் டேரிலுக்கு முகம் விழுந்துவிட்டது. மூன்று மாதம் செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்செடுத்து, கண்ணாடி போட்டு, பாக்கார் ஆராங்கில் இருக்கும் பிரிஜெட்டின் வீட்டுச் சுவரில் இப்போதுதான் மாட்டியிருந்தான்.

அங்கே முன்பு தொங்கிய பழைய படம் ஹாலந்தில் ஐந்நூறு வருடங்களுக்கு முன் யாரோ செதுக்கியதன் அச்சு. சிடாம் கிரி பக்கம் எஸ்டேட் கோயிலை மூடியபோது ஃபாதர் பிரிஜெட்டுக்குக் கொடுத்தது. கரையான் பாதியைத் தின்றுவிட, மிச்சத்தைப் பார்த்துத்தான் இந்த நகல். டேரிலும் ஹாலந்தில் தொழில் கற்றவன்தான்.

"தப்பு என்மேலதாம்மா. படத்துல இருக்குற மாதிரியே தகட்டுல வெட்டிட்டேன். அச்சடிச்சா இடம் வலமா திரும்பிடும். தெரிஞ்சும் அவசரத்துல விட்டுட்டேன். அந்தக் காலத்துல நகல் எடுத்தவங்களுக்கே நெறைய பேருக்கு இப்படி ஆகியிருக்கு."

பிரிஜெட்டுக்கு ஹாலந்துக் கதையெல்லாம் எதற்கு?

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா. மாதா வாசலப் பாக்கணும். எம்மவன் கோவிச்சுக்கிட்டுப் போயி இருவது வருஷம். நான் அசந்து தூங்குனாலும் அவ பாத்துக்குவான்னுதான் அங்க மாட்டுனேன். இப்ப வர்றவன யாரு பாக்குறது?"

"எதிர்ச் சுவத்துல மாட்டலாமா?"

"அங்க ஜன்னல்லா இருக்கு!"

"சரிம்மா, வேற செஞ்சு தர்றேன். ரெண்டு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள அவன் வந்துட்டான்னா?"

டேரில் குசினிக்குள் போய், அடுப்புக்கு எதிரே இருந்த மேசையருகே உட்கார்ந்தான். பிரிஜெட் வழக்கம்போல நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, சாலையில் போகிற ஒவ்வொரு காரையும் ஆசையோடு பார்க்க ஆரம்பித்தாள்.

அவளுடைய மகள் கேரன் அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். மாதாவின் பார்வை நேராக அந்த மேசைக்குத்தான் வந்தது.

"கழட்ட வேணாம், இருக்கட்டுண்ணே" என்றாள் மெதுவாக. "நீ வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறு மாசம் ஆச்சு. பெத்தவளுக்குத்தான் நீ யாருன்னு ஞாபகம் வரல. மாதாவாவது உன்னப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."