கழுவிக் கொண்டுவந்த குடம்

பாலாற்று மணலில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. காற்று திரும்பும்போதெல்லாம் ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் வாடை அடிக்கிறது. இருளர் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் நர்ஸ் ஜெயசீலி ஜீப்பிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்குகிறாள். போன வருஷம் இதே இடத்தில், ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லி ரத்தம் எடுத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தவள் அவள்தான். அந்த ரத்தம் மரபணு ஆராய்ச்சிக்காகக் கடல் தாண்டிப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. பூவம்மாள், அன்று தன் கணவனுக்குக் கிடைத்த நீலக் குடத்தோடு வருகிறாள். மண் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். விளிம்பில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. “எங்க ஊட்டுக்காரரு போய்ட்டாரு, நர்ஸம்மா. அவரு கத்தி, சட்டை, பீடிக்கட்டு எல்லாத்தையும் கூடவே பொதச்சிட்டோம். செத்தவங்களோடது எதுவும் வெளிய கெடக்கக் கூடாது. உங்க கொடத்த எடுத்துக்கோங்க. அவரு ரத்தத்தக் குடுத்துடுங்க.” ஜெயசீலிக்குக் காது சுடுகிறது. பூவம்மாள் தானே குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்குகிறாள். ஐஸுக்கு நடுவே, இன்றைக்கு ரத்தம் எடுத்து நிரப்ப வேண்டிய காலிக் குழாய்கள். “இதுல இல்லியா?” “இல்லம்மா. ரொம்ப தூரத்துல இருக்குது.” பூவம்மாள் ஐஸின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். “அங்கயும் இப்டி சில்லுனுதான் வெச்சிருக்காங்களா?” இதற்காவது உண்மையைச் சொல்ல முடிகிறதே என்று ஜெயசீலி வேகமாகத் தலையாட்டுகிறாள். பூவம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். “அவருக்குக் குளிரே ஆவாது, நர்ஸம்மா.”