நாலாவது பலகை

"பின்பக்கம் பலகை இல்லை. வண்டி வெளியே போகாது."

கேட் மேடம் சொன்னதைக் கேட்டு டேங்கர் டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விளையாடாதீங்க மேடம். காலையில நாலு பக்கமும் என் கையாலதான் மாட்டினேன்."

"இறங்கி வந்து பாருங்க."

இறங்கிப் பார்த்தான். பெட்ரோல் நிரப்பிய டேங்கரின் முன்னாலும் இரண்டு பக்கமும் தீச்சுவாலை போட்ட சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள் பளிச்சென்று இருந்தன. பின்னால், பலகையைச் செருகும் சட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பில்லில் கையெழுத்து வாங்க ஆபீஸுக்குப் போய்வந்த பத்து நிமிஷத்தில் எங்கே போயிருக்கும்? வண்டிக்கு அடியில் படுத்துக்கூடப் பார்த்தான். காணோம். காற்றில் பறந்து போகிற சாமானா அது?

"சரி, வேற ஒண்ணு குடுங்க. மாட்டிக்கிறேன்."

"ஸ்டோர்காரர் வெளியே போயிருக்கார். ஒரு மணிக்குத்தான் வருவார்."

"இப்போ மணி எட்டரை!"

"தெரியும்."

பதினோரு வருஷமாக அந்த எண்ணெய் டிப்போவின் கேட்டில் இருக்கிறவள். பலகை ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவாள். அவள் காதுபடாமல் டிரைவர்கள் வைத்திருந்த பேர் 'பூட்டு'.

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "பெட்ரோல் வண்டின்னு பார்த்தாலே தெரியுது. மூணு பலகை போதாதா?"

"பின்னாலேருந்து ஓடி வர்ற தீயணைப்புக்காரனுக்கு உங்க முன்பக்கம் தெரியுமா? தண்ணி அடிக்கணுமா, நுரை அடிக்கணுமான்னு அவன் எதைப் பார்த்து முடிவு பண்ணுவான்?"

"சிவப்பு பெயிண்ட் இருக்கு. நானே வரைஞ்சுடறேன்."

"கையால வரைஞ்சது செல்லாது."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இருந்ததை அவன் சொல்லிவிட்டான்.

"என் வீட்டுக்காரிக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி மூணு நாள் ஆகுது. கூட இருக்க வேற ஆள் இல்லை. இப்போ கிளம்பி லோடை இறக்கினாத்தான் ரெண்டு மணிக்கு டாக்டர் வர்றப்போ நான் பக்கத்துல நிக்க முடியும். ஒரு தகரத் துண்டைக் காட்டித் தடுக்கறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவள் பதிவேட்டை இழுத்து, 'பின்பக்கப் பலகை இல்லை. வண்டி நிறுத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"டிரைவர் ரூம்ல கட்டில் இருக்கு. ஒரு மணி வரைக்கும் அங்கே இருங்க."

"நான் ஏன் இருக்கணும்? மானேஜரைப் பார்க்கறேன்!"

மானேஜர் பதிவேட்டைப் பார்த்ததும் கையை விரித்தார். "எழுதிட்டாங்களேப்பா! இனிமே நான் கேட்டைத் திறந்தா என் வேலை போயிடும்."

அவன் இதை விடுவதாக இல்லை. டிரைவர் ரூமில் ஒரு தாளை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். 'ஐயா, இந்த டிப்போவின் கேட்டில் இருக்கும் பெண்மணி ஈவு இரக்கமில்லாமல்...' என்று ஆரம்பித்தான்.

கண் விழித்தபோது மணி ஒன்று. புகார் கன்னத்துக்கு அடியில் கசங்கிக் கிடந்தது.

பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டான். "வண்டியை நிறுத்திட்டாங்கம்மா. நான் வர ஆறு மணியாயிடும்."

"இத்தனை நேரம் என்ன பண்ணீங்க?"

"தூங்கிட்டேன்."

"அப்பாடா! மூணு ராத்திரியா நாற்காலியில முழிச்சுக்கிட்டே இருந்தீங்களே. டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன். மெதுவா வாங்க. நான் எங்கே ஓடிடப் போறேன்?"

முகத்தைக் கழுவிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினான்.

"எப்போ சார் வந்தீங்க?"

ஸ்டோர்காரர் விழித்தார். "எங்கேருந்து வர்றது? ஏழு மணியிலேருந்து இங்கேதானே இருக்கேன்."

"பலகை வேணும்னு கேட் மேடம் கேட்கலையா?"

"யாருமே கேட்கலையே."

அவனுக்குக் கோபம் சுர்ரென்று தலைக்கேறியது. புகார்த் தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக கேட்டுக்குப் போனான்.

"ஏன் மேடம் பொய் சொன்னீங்க?"

அவள் மேஜை டிராயரைத் திறந்தாள். உள்ளே அவனுடைய சிவப்புப் பலகை.

"நான்தான் கழட்டினேன். நீங்க ஆபீஸுக்குப் போயிருந்தப்போ."

அவன் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"காலையில காலி வண்டியோட உள்ளே வந்தீங்களே, கேட் தூணை இடிக்க ஒரு சாண் இருக்கறப்போதான் நின்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"வராது. உங்க தலை ஸ்டியரிங் மேல கிடந்துச்சு. நான் கண்ணாடியைத் தட்டினதுக்கு அப்புறம்தான் நிமிர்ந்தீங்க."

தாளைச் சுருட்டியிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. அந்த நிலையில், முழு லோடோடு சந்தை வழியாகப் போக இருந்தவன் அவன். மெதுவாகக் கேட்டான்: "அப்போ... தூக்கம்னே எழுதியிருக்கலாமே?"

"எழுதினா ஒரு மாசத்துக்கு உங்களை வண்டியில ஏத்த மாட்டாங்க. ஆஸ்பத்திரிச் செலவு நேரத்துல அது வேறயா? பலகை இல்லேன்னு எழுதினா வண்டி மட்டும்தான் நிக்கும்."

அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "நான் பொய் எழுதினதும் தப்புதான். வேணும்னா அதையும் அதுல சேர்த்துக்குங்க."

பிறகு பலகையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"போய் மாட்டுங்க. நாளைக்கும் தூங்காம வந்தீங்கன்னா, நாலையும் கழட்டிடுவேன்."