நாலு பித்தளைக் கொம்பு

“பெரியகருப்பா! பித்தளைக் கொம்பு நாலும் எங்கடா?”

நான் போட்ட சத்தத்துல பக்கத்து ஸ்டால்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

விஷயம் இதுதானுங்க. பாய்மரப் படகு ஓட்டுற வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு நான் மேனேஜரா இருக்கற கம்பெனியில புதுசா பனியன் போட்டிருந்தோம். கண்காட்சியில ஸ்டாலுக்கு நடுவால ஒரு படகையே நிறுத்திடலாம்னு முதலாளி அருண்குமாருக்கு ஆசை. வயசுல சின்னவருங்கறதால நான் தம்பின்னுதான் கூப்பிடுவேன். ப்ளைவுட்ல படகு, பதினாலடி உசரத்துக்குப் பாய்மரம், பனியன் துணியிலயே பாய். காத்துக்கு நாலு பெரிய ஃபேன். தண்ணிக்கே லாரியை எதிர்பார்க்கற திருப்பூர்ல படகு!

அந்தப் பாய்மரத்தை நாலு கயிறு இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கணும். ஒவ்வொரு கயித்தையும் சுத்திக் கட்டறதுக்கு, ரெண்டு பக்கமும் நீட்டிட்டிருக்கற கொம்பு ஒண்ணு வேணும். கோயமுத்தூர்ல மூணு நாள் கடை கடையா ஏறி எறங்கி, தங்கமாட்ட மின்னற பித்தளையில, வெரல் நீளத்துக்கு அழகழகா நானே பொறுக்கிட்டு வந்தேன். அத்தனை பெருமை எனக்கு.

திறப்பு அன்னைக்குக் காத்தால வந்து பார்த்தா, பித்தளையைக் காணோம். அந்த எடத்துல வேலங்கட்டையைச் செதுக்கி, ஒரு சாண் நீளத்துக்குக் கருகருன்னு நாலு கொம்பு. அதுக்கு எண்ணெய் வேற தேச்சிருக்குது. எனக்குப் பத்திட்டு வந்துச்சு.

பெரியகருப்பன் எங்க பேக்கிங் ஆளு. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரன். படகுல கயிறு கட்டினதெல்லாம் அவன்தான்.

“பித்தளை பத்திரமா இருக்குய்யா”ன்னான்.

“எங்க? பழைய இரும்புக் கடையிலயா?”

குனிஞ்சு கயித்து முடிச்சை இறுக்க ஆரம்பிச்சுட்டான்.

“சரி, எடுத்துட்டு வந்து இப்பவே அந்த எடத்துல பூட்டு.”

“இப்ப வேணாம்யா. கண்காட்சி முடியட்டும், உங்க கையிலயே தாறேன்.”

“பூட்டுடாங்கறேன்!”

“முடியாதுய்யா.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்க! அவன் சம்சாரம் வெள்ளையம்மா எங்க செக்கிங்ல இருக்கறவ. அன்னைக்கு ஸ்டால் கூட்டறதுக்கு வந்திருந்தா. என்னமோ சொல்ல வாயெடுத்தா. இவன் கண்ணைக் காட்டினான். அவளும் வெளக்கமாத்தைக் கையில எடுத்துட்டா.

“ரெண்டு பேரும் கூட்டா? களவாணிப் பயலே! திங்கக்கிழமைல இருந்து புருசனும் பொண்டாட்டியும் கம்பெனிப் பக்கம் தலை காட்டக் கூடாது.”

வெள்ளையம்மா மொகம் செத்துப்போச்சு. அவன் மட்டும் துண்டை எடுத்துட்டுப் படகைத் துடைக்கப் போயிட்டான்.

பதினோரு மணிக்குப் பையர், அதாவது எங்க சரக்கை வாங்கறவரு, வந்துட்டாரு. ஆறு மாசமா நாங்க பொழுதன்னிக்கும் மெயில் போட்டுக் காத்துட்டிருந்த வெள்ளைக்காரர். தம்பி அவரைப் படகுக்குள்ளயே ஏத்தி நிறுத்தி பனியனைக் காட்டிட்டிருந்தாப்ல.

பொசுக்குனு கரண்டு போச்சு. ரெண்டாயிரத்து எட்டாம் வருசம் அது தெனப்படி கூத்துங்க. சித்த நேரத்துல ஜெனரேட்டர் கிளம்பினதும், நாலு ஃபேனும் ஒண்ணாச் சேர்ந்து வெறி புடிச்ச மாதிரி ஓடுச்சு. தொங்கிட்டிருந்த பாய் படார்னு விரிஞ்சு, பாய்மரம் ஒரு பக்கமாச் சாய ஆரம்பிச்சுது. நேர் கீழ பையர் தலை.

“அய்யோ, முருகா!” கண்ணை மூடிட்டேன்.

கயிறு முறுக்குன சத்தம் ஒண்ணுதான் கேட்டுச்சு. மெல்லக் கண்ணைத் தொறந்தா, பாய்மரம் நட்டமா நிக்குது. வேலங்கொம்பு கயித்தை விடவே இல்லை. அப்பாடா! போன உசுரு திரும்பி வந்துச்சுங்க.

பையர் குனிஞ்சு அந்தக் கொம்பைத் தடவிப் பார்த்தாரு. இங்கிலீஷ்ல கடகடன்னு என்னமோ சொன்னாரு. எங்க கம்பெனியில ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் மோனிஷா அதைத் தமிழ்ல எனக்குச் சொல்லுச்சு.

“அவரும் சொந்தமா பாய்மரப் படகு வச்சிருக்காருங்களாம் அண்ணா. இந்தத் தடிமன் கயித்துக்கு இந்த நீளக் கொம்புதான் தாங்குமாம். கடையில அழகுக்கு விக்கறாங்களே சின்னது, அதா இருந்தா இந்நேரம் ஸ்க்ரூவோட பிச்சுட்டு வந்து, தன்ர மண்டை ஒடைஞ்சிருக்கும்ங்கறாரு. வழவழன்னு இழைச்சு எண்ணெய் தேச்சிருக்கறதால கயிறும் நையாதாம். யாரு வேலைன்னு கேக்கறாருங்க.”

அருண்குமார் தம்பி சட்டுனு என்னைக் கையைக் காட்டினாப்ல. “மேனேஜர்”னு சொன்னது மட்டும் எனக்குப் புரிஞ்சுது. பையர் எறங்கி வந்து எங்கையைப் புடிச்சுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கினாரு. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. பெரியகருப்பன் அக்கட்டால நின்னு கை தட்டிட்டிருந்தான்.

ஆர்டர் அங்கயே ஓகே ஆச்சு. பையர் போனதும் தம்பியைத் தனியாக் கூட்டிட்டுப் போனேன்.

“தம்பி, அது நான் பண்ணினதில்லீங்க. நான் வாங்கினது அந்த உதவாத பித்தளைதானுங்க. அவன் மாத்தி வச்சதுக்குக் களவாணின்னு வஞ்சு, வேலையை விட்டே நிறுத்திட்டனுங்க.”

சொன்ன பொறகுதான் நெஞ்சு லேசாச்சு.

தம்பி சிரிச்சாப்ல. “பித்தளை என்ர மேசை டிராயர்ல இருக்குதுங்கண்ணா. முந்தாநாளே எங்கிட்ட வந்து கேட்டுட்டுத்தான் அவரு மாத்தினாரு.”

“அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்னங்க? களவாணின்னப்பக்கூட வாயைத் தொறக்கலையே!”

“எப்படித் தொறப்பாரு? ‘மேனேஜரய்யா மூணு நாளா அலைஞ்சு ஆசையா வாங்கினது, ஆகாதுன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவாரு. யாரு கேட்டாலும் அய்யாவே மாத்துனதா இருக்கட்டும்’னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தானுங்கண்ணா கட்டையையே தொட்டாரு!”