கணவர் பெயர் என்ன?

"வாட் இஸ் யுவர் நேம், அண்ணி?"

"மை நேம் இஸ் அறிவுமதி."

"வேர் டு யூ லிவ், அண்ணி?"

"ஐ லிவ் இன் ஸ்ரீரங்கம்."

நாத்தனார் யமுனா மகிழ்ச்சியுடன் தலையசைத்தாள். செல்போனில் ஒலித்த ஆங்கில உரையாடல்களையும் அறிவுமதி அன்று பிழையின்றிப் புரிந்துகொண்டிருந்தாள். மறுநாள் தேர்வு. அதில் தேறினால்தான் லண்டனில் பணிபுரியும் கணவரிடம் செல்ல விசா கிடைக்கும்.

"வாட் இஸ் யுவர் ஹஸ்பெண்ட்ஸ் நேம், அண்ணி?"

நாள்தோறும் போலவே இந்தக் கேள்வியில் அறிவுமதி நின்றுபோனாள்.

"புருஷன் பேரைச் சொல்லக் கூச்சமா? கேள்வி கேக்கப்போறது வெள்ளைக்காரன் அண்ணி, உங்க மாமியார் இல்ல!"

அறிவுமதி சிரிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தவாறே, தடுமாற்றமின்றிச் சொன்னாள்.

"மை ஹஸ்பெண்ட்ஸ் நேம் இஸ் பூவரசன்."

யமுனாவின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்ல அண்ணி. ஆனா, என் அண்ணன் பூவரசன் செத்து மூணு வருஷமாச்சு. அம்மாவும் நானும் பார்த்துத்தானே உங்களுக்கு அன்புச்செல்வனைக் கட்டிவெச்சோம்? நாளைக்கு அவர் பேரைத்தான் சொல்லணும்."

"சரி, மறுபடியும் கேளு யமுனா."

அறிவுமதியின் குரலில் அழுகை இல்லை. வேறெதுவும் இல்லை.

யமுனா மறுபடியும் கேட்டாள். இம்முறை, 'அண்ணி' என்பதைச் சேர்க்காமல் கேட்டாள்.