கூட வந்தவர்

ஞாயிறுதோறும் டாக்டர் மீனலோசனி கோவையில் கையுறை மாட்டி விரலை அசைத்தால், மலாவியில் ஓர் இயந்திரக் கை அப்படியே அசையும். அங்குள்ள அநாதைக் குழந்தைகளுக்கு இப்படி இலவச அறுவைச் சிகிச்சை ஏற்பாடு செய்பவர் தெய்வநாயகம்.

இன்று சிறுமி சிக்கோண்டியின் பிளந்த உதட்டைத் தைத்தாயிற்று. மயக்கம் தெளிந்தவள் இயந்திர விரலைப் பற்றிக்கொண்டாள்.

"விட மாட்டேங்கிறா சார். அடுத்த குழந்தை காத்திருக்கு," என்றார் டாக்டர், பக்கத்தில் நின்ற தெய்வநாயகத்திடம்.

"நீங்க அடுத்த மெஷினுக்குப் போங்க டாக்டர். ஆனா நான் இதே மெஷினோட இன்னொரு கையுறைய மாட்டினப்புறம் கழட்டுங்க. இல்லேன்னா அங்க கை துவண்டுடும்."

தெய்வநாயகம் மாட்டியதும், கையுறை வழியே சின்னப் பிடி ஒன்று அவர் விரலை இறுக்கியது.

நோயாளிப் பதிவுக்காக, குழந்தையின் கூட வந்தவர் யார் என்று திரை வழக்கம்போல் கேட்டது. எல்லாக் குழந்தைக்கும் 'யாருமில்லை' என்றே சொல்லிப் பழகியவர், இம்முறை "நான்தான்" என்றார்.